அமெரிக்காவில் ஆய்வு நிதி கேட்கும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

கேள்வி இது: “அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். நான் படித்த சென்னைக் கல்லூரி எனக்கு அட்ஜங்க்ட் பேராசிரியர் (வெளியிலிருந்து இணைந்திருக்கும் பேராசிரியர்) என்று ஒரு பதவி தந்திருக்கிறது, சம்பளம் கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு கூட்டு ஆய்வுக்கு இந்திய அரசு நிதி தரும் ஸ்பார்க் திட்டம் ஒன்றில் வெளிநாட்டு ஆய்வாளராக என் பெயர் இருக்கிறது. பிஎச்.டி. காலத்து நண்பர் ஒருவர் இப்போது சீனாவில் பேராசிரியர். அவரோடு இன்னும் கட்டுரை எழுதுகிறேன். அறிவியல் ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.எஸ்.எஃப்.புக்கு முதல்முறையாக விண்ணப்பிக்கப் போகிறேன். இதில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம்? சொன்னால் நிதி கிடைக்காமல் போய்விடுமா?”

முதல் இரண்டையும் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது வேறு ஒரு படிவத்தில் வரும், அதற்குப் பிறகு வருகிறேன். இந்தியக் கல்லூரித் தொடர்பை எழுதியதால் நிதி இழந்தவர் ஒருவரைக்கூட, பல்கலைக்கழக ஆய்வு நிர்வாக அலுவலகத்தில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தும் நான் கண்டதில்லை. எழுதாமல் விட்டுவிட்டு, இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்து, தூக்கம் கெட்டு நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் ஏன் இருக்கிறது என்பது புரியும். 2018 ஆகஸ்டில், மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்.சின் இயக்குநர் ஃபிரான்சிஸ் காலின்ஸ், நிதி பெறும் நிறுவனங்களுக்கெல்லாம் ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். வெளிநாட்டு அரசுகளிடமிருந்து வரும் ஆதரவைச் சில ஆய்வாளர்கள் மறைக்கிறார்கள் என்பதுதான் அதன் சாரம். அந்த நவம்பரில் நீதித்துறை, சீனாவுக்காக நடக்கும் உளவையும் தொழில்நுட்பத் திருட்டையும் தடுக்க என்று ‘சீனா இனிஷியேட்டிவ்’ என்ற நடவடிக்கையைத் தொடங்கியது. 2020 ஜனவரியில் ஹார்வர்டு வேதியியல் துறைத் தலைவர் சார்லஸ் லீபர் கைதானார். வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்தது: மாதம் 50,000 டாலர் வரை சம்பளம், ஆய்வகம் அமைக்க 15 லட்சம் டாலருக்கு மேல். 2021 டிசம்பரில் ஆறு குற்றச்சாட்டுகளிலும் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

அந்த ஆறும் என்னென்ன என்று பாருங்கள். விசாரணை அதிகாரிகளிடமும் என்.ஐ.எச்.சிடமும் பொய் சொன்னது இரண்டு. வருமான வரிக் கணக்கில் பொய் சொன்னது இரண்டு. வெளிநாட்டு வங்கிக் கணக்கைத் தெரிவிக்காதது இரண்டு. வூஹானுக்குப் போனதற்கோ அங்கே ஆய்வகம் தொடங்கியதற்கோ ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை. உளவு பார்த்ததாகவும் குற்றச்சாட்டு இல்லை. உங்கள் கேள்விக்கான விடை அங்கேயே பாதி இருக்கிறது.

இதே காலத்தில் அநியாயமும் நடந்தது. அதைச் சொல்லாமல் போனால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. டென்னசி பல்கலைக்கழகத்தின் ஆன்மிங் ஹூ நாசா நிதி தொடர்பான வழக்கில் மாட்டி, வேலையை இழந்தார். 2021 செப்டம்பரில் நீதிபதியே அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார். நாசாவை ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார். எம்.ஐ.டி.யின் காங் சென் 2021 ஜனவரியில் கைதாகி, ஒரு வருஷம் கழித்து வழக்கே திரும்பப் பெறப்பட்டது. அவர் சொல்லவில்லை என்று குற்றம்சாட்டிய விஷயங்களை அப்போதைய எரிசக்தித் துறைப் படிவம் கேட்கவே இல்லை என்பது அந்தத் துறை அதிகாரிகள் சொல்லித் தெரிந்தது. படிவம் கேட்காததைச் சொல்லவில்லை என்று ஒரு மனிதரை விலங்கிட்டுக் கூட்டிப்போனார்கள். 2022 பிப்ரவரியில் நீதித்துறை அந்த நடவடிக்கையையே முடித்துக்கொண்டது. என்.ஐ.எச். தனியாக நடத்திய விசாரணைகளில் மட்டும் நூறு பேருக்கு மேல் வேலை இழந்தார்கள். அதில் பெரும்பாலோர் ஆசிய வம்சாவளியினர்.

அந்தக் குழப்பத்தின் பலனாகத்தான் இன்றைய விதிகள் தெளிவாக எழுதப்பட்டன. 2021 ஜனவரியில் வந்த அதிபர் குறிப்பாணையை ‘என்.எஸ்.பி.எம். 33’ என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் நாள் முழுக்கக் காதில் விழும் பெயர் இது. யார், எதை, எந்தப் படிவத்தில் சொல்ல வேண்டும் என்று எல்லா மத்திய நிதி அமைப்புகளும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்றது அது. அடுத்து 2022 ஆகஸ்டில் சிப்ஸ் அண்ட் சயன்ஸ் சட்டம் வந்தது. இவற்றின்படி 2024 மே முதல் என்.எஸ்.எஃப். பொதுப் படிவங்களைக் கட்டாயமாக்கியது. நீங்கள் நிரப்பப்போவது அவற்றைத்தான்.

முக்கியமான படிவங்கள் இரண்டு: உங்கள் படிப்பையும் பதவிகளையும் சொல்லும் பயோஸ்கெட்ச், இப்போது கிடைக்கும் ஆய்வு ஆதரவையும் கேட்டுக் காத்திருப்பதையும் சொல்லும் ‘கரண்ட் அண்ட் பெண்டிங்’. இரண்டையும் சயன்சிவி என்ற தளத்தில்தான் தயாரிக்க வேண்டும். உதவியாளர் யாராவது நிரப்பித் தரலாம். ஆனால் கடைசியில் ‘இது சரியானது, முழுமையானது’ என்று உறுதிசெய்யும் பொத்தானை நீங்களேதான் அழுத்த வேண்டும். அழுத்தினால், பொய் இருந்தால் குற்றவியல் சட்டப்படி பொறுப்பேற்கிறேன் என்று பொருள். அவசரத்தில் அழுத்திவிடாதீர்கள்.

பயோஸ்கெட்சில் பதவிகளைக் கேட்கும் இடத்தில் உங்கள் சென்னை அட்ஜங்க்ட் பதவி வர வேண்டும். சம்பளம் உண்டா இல்லையா என்பது அங்கே பொருட்டே இல்லை. முழுநேரம், பகுதிநேரம், கௌரவப் பதவி, வருகைதரு பேராசிரியர், எல்லாமே கேட்கப்படுகிறது, உள்நாடானாலும் வெளிநாடானாலும். “சம்பளம் இல்லாத பதவி, அதனால் போடவில்லை” என்பதுதான் நம்மவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வாக்கியம்.

சில வருஷம் முன்பு என் மேசைக்கு எதிரே ஓர் இளம் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். தமிழர்தான். மேசையில் மூன்று தாள்கள். முதலாவது அவருடைய கட்டுரையின் முதல் பக்கம். அவர் பெயருக்கு மேலே சின்னதாக 1, 3 என்று இரண்டு எண்கள். 1 எங்கள் பல்கலைக்கழகம். 3 தமிழ்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று. இரண்டாவது அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தின் அச்சு. கோட் போட்ட அவர் படம், கீழே ‘அட்ஜங்க்ட் ஃபேகல்டி’. மூன்றாவது அவர் என்.எஸ்.எஃப்.புக்கு அனுப்பிய பயோஸ்கெட்ச். அதில் அந்தப் பெயரே இல்லை. “சும்மா மரியாதைக்குப் போட்டது சார், ரேங்கிங்குக்கு உதவும்னு கேட்டாங்க” என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஆனால் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு அவர் மனம் எப்படித் தெரியும்? தாள்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பது மட்டும்தான் தெரியும். திருத்தி அனுப்பினோம், விளக்கக் கடிதம் வைத்தோம், முடிந்தது. முடியும்வரை அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நம் ஊர்த் தனியார் நிறுவனங்கள் பல, தரவரிசைக்காக வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் “கட்டுரையில் எங்கள் பெயரையும் சேருங்கள்” என்று கேட்கின்றன. பாசத்தில் ஒத்துக்கொள்கிறோம். நான் கண்டிப்பாகச் சொல்வேன்: அங்கே உண்மையில் வேலை நடக்காவிட்டால், கட்டுரையில் அந்த நிறுவனத்தை உங்கள் அஃபிலியேஷனாக (சார்ந்த நிறுவனமாக) போடாதீர்கள். நடந்தால் போடுங்கள், படிவத்திலும் எழுதுங்கள். வெளியான கட்டுரைகளின் தரவுத்தளங்களையும் படிவங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே என்.எஸ்.எஃப்.பில் ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி ‘கரண்ட் அண்ட் பெண்டிங்’. உங்கள் ஆராய்ச்சி நேரத்தை எடுத்துக்கொள்ளும் எல்லா ஆதரவும் இதில் வரும், எந்த நாட்டுப் பணமானாலும். பணம் உங்கள் பல்கலைக்கழகத்தின் வழியாக வரவில்லை என்றாலும் வரும். ஸ்பார்க் திட்டத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, அதற்கு நேரம் ஒதுக்குகிறீர்கள், எனவே அது இங்கே வர வேண்டும். திட்டத்தின் பெயர், நிதி தரும் அமைப்பு, மொத்தத் தொகை, காலம், ஆண்டுதோறும் நீங்கள் தரும் நேரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். நேரத்தை ‘பெர்சன் மன்த்’ கணக்கில் எழுதணும், அதாவது ஒரு ஆள் முழுநேரமாக ஒரு மாதம் செய்யும் வேலை ஒன்று. வருஷத்துக்கு ஒரு வாரம் சென்னையில் வேலை பார்த்தால் ஏறக்குறைய 0.25. எல்லாத் திட்டங்களையும் கூட்டினால் வருஷத்துக்குப் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கூட்டலை விண்ணப்பம் அனுப்பும் இரவில் போடாதீர்கள். முதல் வாரத்திலேயே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

பணமாக இல்லாமல் பொருளாகவோ ஆளாகவோ வரும் உதவியும் கணக்குத்தான். அதன் மதிப்பு 5,000 டாலர் அல்லது அதற்கு மேல் இருந்து, உங்கள் நேரத்தையும் கேட்டால் எழுத வேண்டும். உதாரணமாக, வேறு நாட்டு அரசின் உதவித்தொகையில் ஒரு மாணவர் ஒரு வருஷம் உங்கள் ஆய்வகத்தில் வந்து வேலை செய்கிறார். அவருக்கு நீங்கள் ஒரு டாலரும் தரவில்லை. ஆனாலும் உங்கள் ஆய்வுக்கு ஒரு ஆள் இலவசமாகக் கிடைத்திருக்கிறார் அல்லவா? அது எழுத வேண்டியது. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. மாறாக, ஆய்வகம் தொடங்க உங்கள் பல்கலைக்கழகமே தந்த ஸ்டார்ட்அப் நிதியை எழுத வேண்டாம். எந்த நிபந்தனையும் இல்லாமல், பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காமல் வந்த நன்கொடையும் வேண்டாம்.

கல்லூரி விழாவில் சிறப்புரை ஆற்றப் போனால் பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒரு கவர் கிடைக்கும். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா என்று ஒருவர் உண்மையான பயத்தோடு கேட்டார். பொன்னாடைக்கும் கேடயத்துக்கும் படிவம் இல்லை. ஒருமுறை தந்த சிறு சன்மானம் ஆய்வு ஆதரவும் ஆகாது. ஆனால் நீங்கள் பிற்காலத்தில் என்.ஐ.எச். நிதிக்குப் போனால் இன்னொரு விதி குறுக்கே வரும்; அது நிதிசார்ந்த நலன் முரண் பற்றியது. ஒரே நிறுவனத்திடமிருந்து பன்னிரண்டு மாதத்தில் 5,000 டாலருக்கு மேல் வந்தால் உங்கள் பல்கலைக்கழகத்துக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும் சொற்பொழிவுச் சன்மானத்துக்கு அதில் விலக்கு உண்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தந்தால் விலக்கு இல்லை. மனைவி அல்லது கணவருக்கு வருவதும் சேரும். இதுவும் ‘கரண்ட் அண்ட் பெண்டிங்’கும் இரண்டு தனித்தனி விஷயங்கள். முதலாவது உங்கள் சட்டைப்பைக்கு வரும் பணம், இரண்டாவது உங்கள் ஆய்வுக்கு வரும் ஆதரவு. ஒன்றில் எழுதிவிட்டேன், அதனால் மற்றதில் தேவையில்லை என்று நினைத்தவர்கள் பலர்.

அடுத்தது எல்லோரும் பயப்படுகிற ‘டேலன்ட் புரோகிராம்’. இப்போது ஒவ்வொரு விண்ணப்பத்திலும், நிதி கிடைத்த பின் ஆண்டுதோறும், ‘தீய நோக்குள்ள வெளிநாட்டுத் திறமையாளர் சேர்ப்புத் திட்டம் எதிலும் நான் இல்லை’ என்று உறுதி தர வேண்டும். இருந்தால் நிதி கிடையாது. இந்தியாவுக்கும் இப்படிச் சில திட்டங்கள் உண்டு. வெளிநாட்டு விஞ்ஞானிகளை அழைத்துவர 2017இல் வந்த வஜ்ரா முதல் மாதத்துக்கு 15,000 டாலர் தந்தது. 2023இல் வந்த வைபவ் ஃபெலோஷிப் மாதம் நான்கு லட்சம் ரூபாய் தருகிறது. ஞான் திட்டத்தில் குறுகிய காலப் பாடம் நடத்தினாலும் பணம் உண்டு. இவற்றில் சேர்ந்தால் தீய திட்டத்தில் சேர்ந்ததாகிவிடுமா? ஆகாது.

ஏன் என்று சொல்கிறேன். சிப்ஸ் அண்ட் சயன்ஸ் சட்டத்தின் வரையறையில் இரண்டு பகுதிகள் உண்டு, இரண்டும் சேர்ந்தால்தான் தடை. ஒன்று, ஒப்பந்தத்தில் இருக்கும் கெட்ட நிபந்தனை: இதை யாரிடமும் சொல்லாதே என்பது, அமெரிக்க நிதியில் நடக்கும் வேலையை அனுமதியின்றிக் கொண்டுவா என்பது, மாணவர்களை இழுத்துவா என்பது, நினைத்தபோது விலக முடியாது என்பது, கட்டுரையில் உன் அமெரிக்க நிறுவனத்தின் பெயரைப் போடாதே என்பது, இப்படி. இன்னொன்று, திட்டத்தை நடத்துவது கவலைக்குரிய நாடு என்று பெயரிடப்பட்டதாகவோ, அந்த நாட்டைச் சேர்ந்த அமைப்பாகவோ, இதற்கெனப் பட்டியலிடப்பட்ட நிறுவனமாகவோ இருப்பது. அந்த நாடுகள் சீனா, ரஷ்யா, ஈரான், வட கொரியா. இந்தியா அதில் இல்லை. ஆனாலும் வஜ்ராவோ வைபவோ வெளிநாட்டு அரசின் திட்டம்தானே. பதவியைப் பயோஸ்கெட்சிலும் நேரத்தையும் பணத்தையும் மற்றதிலும் கட்டாயம் எழுத வேண்டும். சேருமுன் உங்கள் பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் வேண்டும். அதோடு, எந்த ஒப்பந்தத்திலும் பல்கலைக்கழகத்தின் சார்பில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று நீட்டினாலும், விழா மேடையில் கேமரா முன்னால் நீட்டினாலும், “எங்கள் அலுவலகம் பார்த்துத்தான் போடணும்” என்று சொல்லிவிடுங்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பதே உண்மை.

இப்போது உங்கள் சீன நண்பர். அவரோடு கட்டுரை எழுதுவது தப்பில்லை. வெளிப்படையாக நடக்கும் ஆய்வு, மாநாட்டில் பேசுவது, கட்டுரை வெளியிடுவது, மாணவருக்குப் பரிந்துரைக் கடிதம் தருவது இவற்றைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. என்.எஸ்.எஃப்.புக்கு அனுப்பும் இன்னொரு அட்டவணையில், கடந்த 48 மாதங்களில் உங்களோடு சேர்ந்து எழுதிய எல்லோர் பெயரும் வரும். அவர் பெயரும் அங்கே வரும். உங்கள் விண்ணப்பத்தை யார் மதிப்பிடக் கூடாது என்று பார்க்க அது பயன்படுகிறது. நீங்கள் நிஜமாகக் கவனிக்க வேண்டியது கட்டுரையின் கடைசியில் வரும் நன்றியுரையை. ‘இந்த ஆய்வுக்குச் சீனத் தேசிய இயற்கை அறிவியல் நிறுவனமும் என்.எஸ்.எஃப்.பும் நிதி தந்தன’ என்று ஒரே வரியில் கலந்து எழுதினால், சீன நிதி உங்களுக்கும் வந்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார். முன்பு நடந்த விசாரணைகளில் பல இப்படி ஒரு நன்றியுரை வரியிலிருந்தே தொடங்கின. யாருக்கு எந்த நிதி என்று பெயரின் முதலெழுத்தோடு பிரித்து எழுதுங்கள்: இன்னாருடைய வேலைக்கு இந்த நிதி, இன்னாருடையதற்கு இது. கட்டுரைக்கு நாலு சொல் கூடும், அவ்வளவுதான். அவருடைய சீனத் திட்டத்தில் உங்கள் பெயரும் ஆய்வாளராகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். நமக்குத் தெரியாமலேயே நண்பர்கள் பெயர் போட்டுவிடுவது உண்டு. போட்டிருந்தால் அது ‘கரண்ட் அண்ட் பெண்டிங்’ விஷயம். உடனே எங்களைப் போன்ற அலுவலகத்திடம் பேச வேண்டியது.

லீபர் வழக்கின் கடைசி இரண்டு குற்றச்சாட்டை நினைவில் வையுங்கள். அது வங்கிக் கணக்கு. அமெரிக்க வரிக் குடியிருப்பாளராகிவிட்டால், வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்தில் ஏதோ ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டியிருந்தாலும் எஃப்.பி.ஏ.ஆர். என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் வைத்திருக்கும் என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ. கணக்குகள், அம்மாவோடு கூட்டாக இருக்கும் வைப்புநிதி எல்லாம் இதில் சேரும். ஆய்வு நிதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் ஊரில் கணக்கு வைத்திருக்கும் நம்மில் முக்கால்வாசிப் பேரைத் தொடும் விதி என்பதால் சொல்கிறேன்.

பயிற்சியும் உண்டு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்துக்குள் ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சுருக்கப் பதிப்பு ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு மதியத்தில் முடித்துச் சான்றிதழைச் சேமித்துவிடுங்கள்.

உங்கள் பல்கலைக்கழக அலுவலகம் துருவித் துருவிக் கேட்டால் கோபப்படாதீர்கள். தப்பு நேர்ந்தால் அவர்களும் கட்ட வேண்டியிருக்கும். ஒரே ஒரு பேராசிரியரின் வெளிநாட்டு ஆதரவைத் தெரிவிக்காத விஷயத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் 8,75,689 டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் ஸ்டான்ஃபோர்டு 19 லட்சம் டாலர் கட்டியது.

ஏற்கெனவே எதையாவது விட்டுவிட்டேனோ என்ற பயம் இருந்தால், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நடப்பில் இருக்கும் என்.எஸ்.எஃப். நிதியில் விடுபட்ட ஆதரவு ஒன்று தெரியவந்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் உங்கள் பல்கலைக்கழகம் அதைத் தெரிவிக்க வேண்டும். நீங்களே போய்ச் சொல்வதை எல்லா அலுவலகமும் வேறு கண்ணோடுதான் பார்க்கும். ஹூ வழக்கிலும் சென் வழக்கிலும் கடைசியில் காப்பாற்றியது, ஏமாற்றும் எண்ணம் இல்லை, கேட்டதை மறைக்கவில்லை என்பதே. உங்கள் விஷயத்தில் அதை நிரூபிக்க நீதிமன்றம் தேவையில்லை, தேதி போட்ட ஒரு மின்னஞ்சல் போதும்.

இந்த வாரமே இரண்டு கடிதம் எழுதுங்கள். சென்னைக் கல்லூரியிடம் அட்ஜங்க்ட் நியமனக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள், தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் தெரிகிற மாதிரி. ஸ்பார்க் திட்டத்தின் இந்திய ஆய்வாளரிடம் அனுமதிக் கடிதத்தையும் மொத்தத் தொகையையும் கேளுங்கள். கல்லூரி அலுவலகத்தில் பழைய கோப்பைத் தேடி எடுக்க நாளாகும், நடுவில் செமஸ்டர் தேர்வு வேறு வரும். அதனால் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு ஒரு மாதமாவது முன்னால் கேட்டுவிடுங்கள்.